தவளை இளவரசி கதையை வாயால் சொல்லப் பழகுவது எப்படி?

பிள்ளைகளுக்குக் கதை சொல்ல ஆசை இருக்கும். ஆனால் காக்கா நரி கதையைத் தாண்டி நீளமாக ஒன்றை எடுக்கப் பயமாக இருக்கும். இப்படிச் சொல்லும் அம்மா அப்பாக்களையும் ஆசிரியர்களையும் நூலகத்துக்கு உதவ வருகிறவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அவர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் நீளக்கதை ரஷ்யாவின் தவளை இளவரசி. அன்பைத் தேடிப் புறப்படும் ஒரு கடைக்குட்டி இளவரசனின் கதை அது. வழியெல்லாம் சிரிப்பு, நடுவில் ஓர் இடத்தில் தொண்டை அடைக்கும், கடைசியில் கல்யாணச் சாப்பாடு. நிதானமாகச் சொன்னால் இருபத்தைந்து நிமிடம் ஆகும். ஆறு வயதுக்கு மேல் யாருக்கும் சொல்லலாம்.

அலெக்சாந்தர் அஃபனாசியெவ் 1855 முதல் 1863 வரை வெளியிட்ட ரஷ்ய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் இதன் சில வடிவங்கள் இருக்கின்றன. நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் தமிழிலேயே அச்சிட்டு அனுப்பிய புத்தகங்களை நியூ செஞ்சுரி புத்தகக் கடையில் வாங்கிப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. கூட்டத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்தால் 'பாபா யாகா' என்ற சூனியக்கிழவியின் பெயரைக் கேட்டதும் அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

முதல் வேலை: கதையை மனதில் இறக்குவது

வரிக்கு வரி மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரு வரி மறந்தால் முழுக்கதையும் நின்றுவிடும். கதை எந்தெந்த இடங்களுக்குப் போகிறது என்பதை மட்டும் மனதில் வையுங்கள். நான் சொல்லும் வடிவம் இது:

ஜார் மன்னனுக்கு மூன்று பையன்கள். மூவரையும் வில்லெடுத்து அம்பு விடச் சொல்கிறான். அம்பு விழும் இடத்தில் பெண் எடுக்க வேண்டும். பெரியவன் அம்பு பிரபு வீட்டு முற்றத்தில் விழுகிறது. நடுவிலான் அம்பு வியாபாரி வீட்டில். கடைக்குட்டி இவான் விட்ட அம்பு சதுப்பு நிலத்தில் விழுந்து, ஒரு தவளையின் வாயில் இருக்கிறது. சொன்ன சொல் சொன்னதுதான், தவளைக்குத் தாலி கட்டுகிறான். மருமகள்கள் மூவருக்கும் ஜார் வேலை வைக்கிறான்: ஒரே ராத்திரியில் சட்டை தைக்க வேண்டும், பிறகு ரொட்டி சுட வேண்டும், கடைசியில் விருந்துக்கு வர வேண்டும். தவளை ராத்திரியில் தோலைக் கழற்றிவிட்டு வசிலிசா என்ற பெண்ணாகி எல்லாவற்றையும் முடிக்கிறாள். விருந்தில் அவளைப் பெண்ணாகப் பார்த்த இவான், வீட்டுக்கு ஓடி அந்தத் தோலை எரித்துவிடுகிறான். அவள் கோஷ்சேய் என்ற சாவில்லாத கிழவனின் நாட்டுக்குப் போய்விடுகிறாள். அவளைத் தேடி இவான் நடக்கிறான். கோஷ்சேயின் உயிர் ஒளிந்திருக்கும் ஊசியை உடைத்து அவளை மீட்டு வருகிறான்.

இவ்வளவுதான். ஒரு தாளில் அம்பு, தவளை, சட்டை, ரொட்டி, சட்டைக்கை, நெருப்பு, நூல்கண்டு, கரடி, குடிசை, மரம், ஊசி என்று பதினொரு சின்னப் படம் வரிசையாக வரையுங்கள். நன்றாக வரைய வேண்டும் என்பதில்லை. தாளைப் பார்க்காமல் படங்களை வரிசையாகச் சொல்ல வந்துவிட்டால் கதை உங்களுடையது.

நடுவில் எங்காவது தடுமாறினால் ஒரு கேள்வி கைகொடுக்கும்: 'இப்போது இவானிடம் எது இல்லை, அதை யார் தரப் போகிறார்கள்?' விளாதிமீர் ப்ரோப் என்ற ரஷ்ய ஆய்வாளர் அஃபனாசியெவ் தொகுப்பிலிருந்து நூறு மாயக்கதைகளை எடுத்து அலசி, 1928இல் ஒரு நூல் எழுதினார். கதைமாந்தர்கள் மாறினாலும் அவர்கள் செய்யும் காரியங்கள் முப்பத்தொன்றுக்குள் அடங்கும், அவை ஒன்றன்பின் ஒன்றாக வரும் வரிசையும் மாறுவதில்லை என்று காட்டினார். முப்பத்தொன்றும் உங்களுக்கு வேண்டாம். குறை, உதவி, சோதனை, மீட்பு என்ற நான்கைப் பிடித்துக்கொண்டால் எந்தக் காட்டிலிருந்தும் வெளியே வந்துவிடலாம்.

பெயர்களை மாற்ற வேண்டாம்

இவானை 'இளங்கோ' ஆக்கலாமா, ஜாரை வெறும் 'ராஜா' ஆக்கலாமா என்று கேட்கிறார்கள். அப்படியே விடுங்கள் என்றுதான் சொல்வேன். வசிலிசா, கோஷ்சேய், பாபா யாகா என்று சொல்லிப் பார்ப்பதிலேயே பிள்ளைகளுக்கு ஒரு குஷி. பனி, பிர்ச் மரம், ஆள் ஏறிப் படுக்கிற அளவு பெரிய செங்கல் அடுப்பு எல்லாம் வேற்று நாட்டுப் பொருள்களாகவே இருக்கட்டும். அடுப்பை மட்டும் ஒரு வரியில் விளக்குங்கள்: குளிர்காலத்தில் குடும்பமே அதன் மேல் ஏறித் தூங்கும் என்றால் கண் விரியும். ஒரு தடவை, இவான் காப்பாற்றும் மீனை விரால் என்று சொல்லிப் பார்த்தேன். அப்புறம் ஐந்து நிமிடம் கதை நகரவில்லை, எல்லோரும் மீன்குழம்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். 'கூர்மையான பல்லும் நீண்ட மூக்கும் உள்ள பெரிய மீன்' என்றாலே போதும்.

தொடங்கும்போது 'உம்' கொட்டச் சொல்லுங்கள்

நம் பாட்டிகள் கதை சொன்னால் கேட்பவர் 'உம்' கொட்ட வேண்டும். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் பிள்ளைகள் வேண்டுமென்றே கத்திக் கொட்டுவார்கள், தடுக்க வேண்டாம். சட்டை தைக்கும் இடம் வருவதற்குள் அது தானாகத் தணிந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து 'உம்' வரவில்லையோ அந்தப் பக்கம் திரும்பிச் சொல்லுங்கள்.

பிள்ளைகளை அரைவட்டமாகத் தரையில் உட்கார வையுங்கள். நீங்களும் தரையிலோ தாழ்வான முக்காலியிலோ உட்காருங்கள். கையில் ஒரு நூல்கண்டு போதும், அதுவும் பையிலேயே இருக்கட்டும். பொம்மை, முகமூடி, தவளைக் குல்லா எதுவும் வேண்டாம். குல்லா போட்டவுடன் எல்லோரும் குல்லாவைத்தான் பார்ப்பார்கள்.

மூன்று சோதனைகள்: இங்கேதான் தங்க வேண்டும்

கதையின் சிரிப்பு முழுக்க இந்தப் பகுதியில் இருக்கிறது. இங்கே அவசரப்படாதீர்கள்.

ஒவ்வொரு தடவையும் இவான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவான். தவளை கேட்கும்: 'ஏன் வாடிப்போய் வருகிறாய், இவான்?' அவன் சொல்வான். அது பதில் சொல்லும்: 'கவலைப்படாதே, போய்த் தூங்கு. சாயங்காலத்தைவிடக் காலைக்குப் புத்தி அதிகம்.' இந்தக் கடைசி வரி ரஷ்யர்கள் இன்றும் வீட்டில் சொல்லும் பழமொழி. மூன்று தடவையும் ஒரே சொற்களில், ஒரே குரலில் சொல்லுங்கள். மூன்றாவது தடவை நீங்கள் 'கவலைப்படாதே' என்று நிறுத்தினால் மீதியைப் பிள்ளைகளே சொல்வார்கள். அதற்குப் பிறகு கதையை அவர்களும் சேர்ந்துதான் நடத்துகிறார்கள்.

சட்டைகளை ஜார் பார்க்கும் இடத்தைச் சுருக்கமாக முடியுங்கள். பெரியவன் மனைவி தைத்தது புகை பிடித்த குடிசையில் போடத்தான் ஆகும். அடுத்தவள் தைத்ததைக் குளிக்கப் போகும்போது போடலாம். தவளை தைத்ததைத் திருநாளில் போட வேண்டும்.

ரொட்டிக்கு வரும்போது ஓரகத்திகள் இருவரும் உஷாராகிவிடுகிறார்கள். தவளை எப்படிச் சுடுகிறது என்று பார்த்து வர ஒரு கிழவியை அனுப்புகிறார்கள். தவளைக்கு அது தெரிந்துவிடுகிறது. மாவைப் பிசைந்து, அடுப்பின் மேலே ஓட்டை போட்டு, அப்படியே உள்ளே கொட்டுகிறது. கிழவி ஓடிப்போய்ச் சொல்கிறாள், அவர்களும் அப்படியே கொட்டுகிறார்கள். கிழவி போன பிறகு தவளை நிஜ ரொட்டியைச் சுடுகிறது. அதன் பக்கங்களில் நகரங்களும் நகர வாசல்களும் பதித்திருக்கும். இங்கே 'ஓரகத்தி' என்ற சொல்லையே சொல்லுங்கள். கூட்டத்தில் இருக்கும் பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள், அந்தச் சிரிப்பு பிள்ளைகளுக்கும் தொற்றும்.

அப்புறம் விருந்து. இவான் தனியாக வருகிறான். அண்ணன்கள் கேலி செய்கிறார்கள்: 'கைக்குட்டையிலாவது முடிந்து கொண்டுவந்திருக்கலாமே!' திடீரென்று இடி, அரண்மனையே ஆடுகிறது, விருந்தாளிகள் எழுந்து ஓடப் பார்க்கிறார்கள். இவான் அமைதியாகச் சொல்கிறான்: 'பயப்படாதீர்கள். என் தவளைக்குட்டி அவள் பெட்டியில் ஏறி வந்திருக்கிறாள்.' இந்த வரியைச் சாதாரணமாக, பக்கத்து வீட்டுக்காரர் வந்திருக்கிறார் என்பது போலச் சொல்லுங்கள். நீங்கள் சிரித்தால் அவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

சட்டைக்கை வரும் இடத்தைக் கைகளால் செய்து காட்டுங்கள். வசிலிசா குடித்த பானத்தின் மிச்சத்தை இடது சட்டைக்கைக்குள் ஊற்றுகிறாள். அன்னப்பறவைக் கறி சாப்பிட்டு எலும்புகளை வலது சட்டைக்கைக்குள் போடுகிறாள். ஓரகத்திகள் ஓரக்கண்ணால் பார்த்து அப்படியே செய்கிறார்கள். ஆட வருகிறாள். இடது கையை மெல்ல வீசுங்கள்: ஏரி. வலது கையை வீசுங்கள்: ஏரியில் வெள்ளை அன்னங்கள். இங்கே மூன்று மூச்சு விடும் நேரம் பேசாமல் இருங்கள். விக்தர் வாஸ்நெத்சோவ் 1918இல் வரைந்த ஓவியம் இந்த நொடியைத்தான் பிடித்தது. அதை ஒரு தடவை பார்த்துவிட்டுச் சொன்னால் உங்கள் கை தானாகவே மெதுவாக வீசும்.

அடுத்து ஓரகத்திகள் ஆட வருகிறார்கள். இப்போது கைகளை வேகமாக உதறுங்கள்: இடது கை, விருந்தாளிகள் முகமெல்லாம் நனைகிறது. வலது கை, எலும்பு பறந்து ஜாரின் கண்ணிலேயே படுகிறது! பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். முடியும்வரை விடுங்கள். அடுத்து வரப்போகும் இடத்துக்கு இந்தச் சிரிப்பு வேண்டும்.

தோல் எரியும் இடம்

எல்லோரும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது இவான் நழுவி வீட்டுக்கு ஓடுகிறான். தவளைத் தோல் கிடக்கிறது. எடுத்து நெருப்பில் போடுகிறான். குரலை இறக்குங்கள், சத்தமே இல்லாமல் சொல்லுங்கள். வசிலிசா வந்து பார்க்கிறாள். 'இன்னும் மூன்றே நாள் பொறுத்திருந்தால் நான் என்றைக்கும் உன்னோடு இருந்திருப்பேன்' என்கிறாள். குயிலாகி ஜன்னல் வழியாகப் பறந்துவிடுகிறாள்.

அறை அமைதியாகிவிடும். ஆரம்பத்தில் எனக்கு அந்த அமைதி பயமாக இருந்தது. உடனே அடுத்ததற்குத் தாவிவிடுவேன். ஒரு நாள் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, 'அவன் ஏன் அவகிட்ட ஒரு வார்த்தை கேக்கல?' என்று கேட்டாள். நான் 'அப்புறம் என்ன ஆச்சு தெரியுமா' என்று தொடர்ந்துவிட்டேன். கதை முடியும்வரை அவள் 'உம்' கொட்டவில்லை. இப்போதெல்லாம் அந்த இடத்தில் நிறுத்திவிடுகிறேன். யாராவது கேட்டால், 'ஆமாம், கேட்டிருக்கலாம்' என்று மட்டும் சொல்கிறேன். காரணம், கதையிலேயே பதில் பின்னால் வருகிறது. வழியில் இவான் சந்திக்கும் கிழவர் அவனிடம் சொல்கிறார்: 'அந்தத் தோலை அவளுக்கு நீ போட்டுவிடவில்லை. கழற்றுவதும் உன் வேலை இல்லை.' அவள் தகப்பனைவிடப் புத்திசாலியாகப் பிறந்தாள், அது பொறுக்காமல் அவரே அவளை மூன்று வருடம் தவளையாகக் கிடக்கும்படி சபித்தார் என்ற ரகசியமும் அங்கேதான் வெளியே வருகிறது. இந்த இரண்டு விஷயங்களையும் விட்டுவிடாதீர்கள். சுருக்கிய பதிப்புகள் சிலவற்றில் இவை இருக்காது. அப்போது வசிலிசா வெறும் பரிசுப் பொருளாகிவிடுகிறாள்.

பயணம்

இப்போது நூல்கண்டை எடுங்கள். கிழவர் இவானுக்குக் கொடுப்பது அதுதான். அது உருளும் பக்கம் அவன் நடக்க வேண்டும். தரையில் உருட்டுங்கள். யார் முன்னால் நிற்கிறதோ அவர் அதை அடுத்தவருக்கு உருட்டட்டும்.

நம் கதையில் ஏழு கடல், ஏழு மலை. ரஷ்யக் கதையில் மூன்று ஒன்பது நாடுகளைத் தாண்டி, மூன்று பத்தாவது ராஜ்யம். அதாவது இருபத்தேழு நாடு தாண்டி முப்பதாவது ராஜ்யம். கணக்குப் பிடிக்கும் பிள்ளை ஒன்று எல்லாக் கூட்டத்திலும் இருக்கும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சில வடிவங்களில் இரும்புப் பூட்ஸ் மூன்று ஜோடி தேய வேண்டும், இரும்பு ரொட்டி மூன்று தின்று தீர வேண்டும். நேரம் இருந்தால் இதைச் சேருங்கள். 'கதை சீக்கிரம் நடந்துவிடும், காரியம் அவ்வளவு சீக்கிரம் நடக்காது' என்று ரஷ்யக் கதைசொல்லிகள் இங்கே ஒரு வரி போடுவார்கள். அதைச் சொல்லிவிட்டால் நடந்த வருடங்களை விவரிக்கும் வேலை மிச்சம்.

பசியோடு போகிறவனிடம் வழியில் எதிர்ப்படும் இரை எல்லாம் பேசுகிறது, அதுதான் இந்தப் பகுதியின் வேடிக்கை. கரடியைக் குறிபார்த்தால் 'என்னைக் கொல்லாதே, ஒரு நாள் உதவுவேன்' என்கிறது. மேலே பறக்கும் ஆண் வாத்தும் அப்படியே, ஓடும் முயலும் அப்படியே. கடற்கரை மணலில் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கும் மீனைத் தூக்கித் தண்ணீரில் விடுகிறான். நான்கையும் இடத்தோடு சேர்த்து நினைவில் வையுங்கள்: காடு, வானம், வயல், கடல். புதிதாகச் சொல்பவர்கள் தவறுவது இங்கேதான். நானும் ஒரு முறை வாத்தை விட்டுவிட்டேன், பிறகு அது தேவைப்பட்டபோது எங்கிருந்தோ வந்து குதித்தது. 'இவன் அதைப் பார்க்கவே இல்லையே!' என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. அப்படி நடந்தால் சமாளிக்காதீர்கள். 'ஆமாம், சொல்ல மறந்துவிட்டேன்' என்று சொல்லிவிட்டு, அந்த வாத்தை அங்கேயே சொல்லி முடியுங்கள். பிள்ளைகள் மன்னித்துவிடுவார்கள்.

பாபா யாகாவின் குடிசை

கோழிக்கால் மேல் நிற்கும் குடிசை, தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது. 'குடிசையே, குடிசையே, காட்டுக்கு முதுகைக் காட்டு, எனக்கு முகத்தைக் காட்டு!' இதைப் பிள்ளைகளோடு சேர்ந்து இரண்டு தடவை கத்துங்கள். முதல் தடவை குடிசை பாதிதான் திரும்பும்.

உள்ளே அடுப்பின் ஒன்பதாவது செங்கல் மேல் பாபா யாகா படுத்திருக்கிறாள், மூக்கு கூரையை முட்டுகிறது. பயமுறுத்தும் குரல் தேவையில்லை. தூக்கம் கலைந்த கிழவியின் அலுப்பு போதும். எதற்கு வந்தாய் என்று அவள் கேட்டால் இவான் சொல்லும் பதில் எனக்குக் கதையிலேயே மிகவும் பிடித்தது: 'வந்தவனுக்கு முதலில் சாப்பாடு போடு, குடிக்கக் கொடு, வெந்நீரில் குளிக்க வை. அப்புறம் கேள்.' அவளும் எழுந்து செய்கிறாள்! நம் வீடுகளிலும் வந்தவரை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பிறகுதானே விசாரிப்போம்.

ஊசி

பாபா யாகாதான் இவானுக்கு ரகசியத்தைச் சொல்கிறாள்: கோஷ்சேயின் சாவு ஊசி முனையில். ஊசி முட்டைக்குள், முட்டை வாத்துக்குள், வாத்து முயலுக்குள், முயல் பெட்டிக்குள், பெட்டி ஓக் மரத்தின் உச்சியில். மந்திரவாதியின் உயிர் கிளிக்குள் இருக்கும் கதை தெரிந்த பிள்ளைகள் உடனே குதிப்பார்கள், சொல்ல விடுங்கள். முதலில் உள்ளேயிருந்து வெளியே சொல்லி, பிறகு வெளியேயிருந்து உள்ளே சொல்லுங்கள். இரண்டாவது தடவை அவர்கள் சொல்லட்டும்.

முடிச்சு அவிழும் இடம் வேகமாகப் போக வேண்டும். கரடி வந்து மரத்தைச் சாய்க்கிறது, பெட்டி உடைகிறது, முயல் ஓடுகிறது, அவன் விட்ட முயல் அதைப் பிடிக்கிறது, வாத்து பறக்கிறது, அவன் விட்ட வாத்து அதை அடிக்கிறது, முட்டை கடலில் விழுகிறது. இங்கே நில்லுங்கள். இவான் கரையில் உட்கார்ந்து அழுகிறான். யார் வருவார்கள் என்று நீங்கள் கேட்க வேண்டியதே இல்லை, அறையே 'மீன்!' என்று கத்தும். ஊசி ஒடிகிறது. கோஷ்சேயின் முடிவை ஒரே வரியில் முடித்துவிட்டு வசிலிசாவிடம் போங்கள். அவர்கள் சந்திக்கும்போது இவான் என்ன பேசினான் என்று கதை சொல்வதில்லை. நான் அங்கே ஒரு வரி சேர்க்கிறேன்: 'இந்தத் தடவை இவான் அவளிடம் கேட்டான், என்னோடு வருகிறாயா என்று.' இது என் சொந்தச் சேர்க்கை. உங்களுக்குப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம்.

முடிப்பது

ரஷ்யக் கதைசொல்லி கடைசியில் தானே கல்யாண விருந்துக்குள் நுழைந்துவிடுவார்: 'நானும் அங்கே இருந்தேன், தேன்பானம் குடித்தேன். மீசையெல்லாம் வழிந்தது, வாய்க்குள் ஒரு சொட்டுப் போகவில்லை.' கையால் மீசையைத் துடைத்துக்கொண்டே சொல்லுங்கள். 'இந்தக் கதையிலிருந்து என்ன கற்றோம்' என்று கேட்டுவிடாதீர்கள். எழுந்திருக்கவும் அவசரம் வேண்டாம்.

வீட்டில் இரண்டு தடவை, யாரும் இல்லாத அறையில் குரல் கொடுத்துச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள். கண்ணாடி முன்னால் வேண்டாம், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்லுங்கள். கைக்கு வேறு வேலை இருக்கும்போதும் கதை தடுக்காமல் ஓடினால் நீங்கள் தயார். நூல்கண்டு மட்டும் கொஞ்சம் பெரியதாக இருக்கட்டும். கதை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முழம் நூல் கேட்கும். கத்தரிக்கோலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.